படம்தானே எடுக்கிறோம்!

திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஓர்ஸ் ஹில்லில் அறை எடுத்துத் தங்கும் சுற்றுலாக்காரருக்கு இரண்டு படங்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, நகருக்குள் ஆடுமாடுபோலத் திரியும் புள்ளிமான். மற்றது, கடலில் வால் தூக்கும் நீலத் திமிங்கிலம். முதலாவதற்குக் கோட்டைப் பக்கம் ஒரு பிஸ்கட் பைக்கற்றோடு போனால் போதும். இரண்டாவதற்கு விடியமுன் படகு பிடிக்கவேண்டும். இரண்டையும் எடுத்துத் திரும்புகிறவரிடம் இதில் ஏதும் பிழை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். "படம்தானே எடுத்தோம், அதுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்பார்.

படித்தவர், படியாதவர், இயற்கை ஆர்வலர், தேனிலவுக்கு வந்தவர் எல்லாரும் ஒன்றுபோல நம்புவது இது. துப்பாக்கி கொல்லும், கமரா கொல்லாது. ஆகவே கமரா தூக்கியவர் காட்டுக்கு நண்பர். துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுதான் சாதுவாகத் தெரியாது?

இந்த ஒப்பீடு நூறு வருடத்துக்கும் மேல் பழையது. 1906 ஜூலையில் நேஷனல் ஜியோகிரஃபிக் இதழ், ஜார்ஜ் ஷைராஸ் என்ற அமெரிக்கர் இரவில் எடுத்த விலங்குப் படங்களை வெளியிட்டது. வேட்டைக்காரராக இருந்து கமராவுக்கு மாறியவர் அவர். நீரோரம் வந்த மான்களின் முகத்துக்கு நேரே, இருட்டில், மெக்னீசியப் பொடியை வெடிக்கவைத்து எடுத்தவை அவற்றில் பல. மான் சாகவில்லை என்பது உண்மை. அடுத்த இரவு அது அதே இடத்துக்கு வந்ததா என்பதைப் படம் சொல்லாது.

படம் சொல்லாமல் விடுவதில்தான் கேடு இருக்கிறது. மெச்சப்படும் காட்டுயிர்ப் படங்களில் பெரும் பகுதியை எடுத்துப் பார்த்தால், அவற்றில் அழகு என்று தெரிவது பல வேளை பயம். பூநாரைக் கூட்டம் ஒரேயடியாக எழும்பிப் பறக்கிறது, எழுப்பியது யார்? தரையில் கூடுவைத்த சிறுபறவை சிறகு முறிந்ததுபோல நொண்டி நொண்டி ஓடுகிறது. எதிரியை முட்டையிலிருந்து விலக்கிக் கூட்டிப்போக அது போடும் நாடகம் அது. அந்த எதிரி, லென்சுக்குப் பின்னால் குந்தியிருப்பவர்.

மன்னாரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உப்புவெளிகளிலும் மணலிலும் முட்டையிடும் சின்னஞ்சிறு உப்புக்கொத்திப் பறவை ஒன்று, நீண்ட காலம் வேறோர் இனத்தின் கிளையாகவே எண்ணப்பட்டு வந்தது. அது தனி இனம் என்று 2023இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தாருக்கும் அந்த ஆய்வில் பங்குண்டு. ஆங்கிலத்தில் அதற்கு அனுமனின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆய்வைப் பொறுத்தவரை அது பெருமைக்குரிய சேதி. பறவைக்கு அப்படியல்ல. பட்டியல் வைத்துப் பறவை பார்ப்பவர்களுக்குத் தனி இனம் என்றால் தனிப் படமும் வேண்டும். அதன் கூடு என்பது மணலில் ஒரு சிறு குழி. மறைக்க ஓர் இலைகூட இல்லை. மன்னார் வெயிலில் தாய்ப்பறவை முட்டைமேல் உட்காருவது சூடு கொடுப்பதற்கு மட்டுமல்ல, நிழல் கொடுப்பதற்கும்தான். படம் பிடிப்பவர் வயிற்றால் ஊர்ந்து கிட்டப் போகிறார். பறவை எழும்புகிறது. அவர் "இன்னும் ஒன்று" என்று காத்திருக்க, முட்டை வெயிலில் கிடக்கிறது. இதையெல்லாம் காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

திரும்பவும் திருகோணமலைக் கடலுக்கு வருவோம். துறைமுகத்துக்கு முன்னால் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிகக் கிட்டவே தொடங்குகிறது. ஆழம் இவ்வளவு அருகில் இருப்பதால்தான் திமிங்கிலமும் அருகில் வருகிறது. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இங்கே அவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வேறு கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் இரைக்காகக் குளிர்கடலுக்குப் போய்வருகின்றன. இலங்கையைச் சுற்றியுள்ளவை இந்த வெப்பக் கடலிலேயே இரை தின்கின்றன என்று காட்டியவர் இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ். தின்பது பெரும்பாலும் சிறு இறால் வகை. உலகின் மிகப் பெரிய உடம்பு அதைக்கொண்டுதான் நிரம்பவேண்டும்.

அப்படியென்றால் படகு துரத்துவது, வழியில் போகிற ஒரு விலங்கை அல்ல. சாப்பாட்டில் இருக்கிற ஒன்றை. ஆழத்தில் தின்றுவிட்டு மேலே வந்து, சில நிமிடம் மூச்சு வாங்கி, மறுபடி இறங்கும். அந்தச் சில நிமிடத்தில்தான் நாலைந்து படகுகள் எஞ்சினை முறுக்கிக்கொண்டு பாய்கின்றன. வால் தூக்கினால் கைதட்டு. வால் தூக்குவதெல்லாம் பயத்தால் அல்ல; ஆழ்ந்து இறங்கும்போது இயல்பாகவே தூக்கும். ஆனால் மூச்சு நிரம்பமுன் அவசரமாக இறங்கிய வாலும் படத்தில் அதே அழகோடுதான் விழும். 2012இலேயே இதற்கென்று சட்டவிதிகள் வந்துவிட்டன. படகு எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும், எப்படி ஓடவேண்டும் என்பதெல்லாம் அவற்றில் எழுதியிருக்கிறது. ஆனால் நடுக்கடலில் ஒவ்வொரு படகுக்கும் பின்னால் வனஜீவராசிகள் திணைக்களம் ஓடிக்கொண்டிருக்க முடியுமா?

தரையிலும் இதே கதைதான். யால தேசியப் பூங்காவில் ஒரு சிறுத்தை தெரிந்தால், தொலைபேசியில் சேதி பறந்து ஜீப்புகள் குவியும். 2022 ஒக்டோபரில் ஒரு கூட்டம் அங்கே பாதை விட்டு விலகி வாகனப் பந்தயமே ஓட்டியது. அந்தக் கூத்து வெளியே தெரிந்ததும் சமூக ஊடகங்களில் பரவிய வீடியோக்களால்தான். அவற்றை எடுத்த கைக்கும் கூச்சமில்லை.

"படங்கள்தானே மக்களுக்குக் காட்டின்மேல் அன்பை வளர்த்தன?" என்று கேட்பார்கள். வளர்த்தன, மறுக்கவில்லை. நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) பாகம் பாகமாகத் தானே சேர்த்துக் கூட்டிய கமராவால் கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைகள் அதற்குச் சாட்சி. ஆனால் அவருடைய படத்தோடு அந்த விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, ஏன் செய்தது என்ற குறிப்பும் வரும். பார்ப்பதுதான் அவர் வேலை. இன்று பெரும்பாலோருக்குப் படத்தின் கீழே இருப்பது லென்சின் அளவும் ஷட்டர் வேகமும்தான்.

போட்டிகளும் இதற்குத் துணை. லண்டனின் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட விலங்கு என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் பறிக்கப்பட்டது. 2018இல் எறும்புதின்னிப் படம் ஒன்றுக்கும் அதே கதி; அது பஞ்சடைத்த உடல் என்றார்கள். இரண்டிலும் ஏமாந்தது மனிதர், ஆகவே பிடிபட்டது. இரை தவறிய திமிங்கிலமும் முட்டை வெந்த பறவையும் நடுவருக்குக் கடிதம் எழுதுவதில்லை.

பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட அரிய பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்வதைக் குற்றமாக்கியது. அவற்றைக் கூட்டில் படமெடுப்பதற்கே உரிமம் வேண்டும். படம் எடுப்பதும் ஒரு செயல், அதற்கும் விளைவு உண்டு என்று அங்கே சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. இங்குள்ள கமரா சங்கங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். கூட்டுப் படங்களைக் கண்காட்சியில் தொங்கவிடாமலும், அரிய பறவை நிற்கிற இடத்தை ஊருக்கு அறிவிக்காமலும் இருக்கலாம். உலகமெங்கும் பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் 'ஈபேர்ட்' தளம், ஆபத்திலுள்ள பல இனங்களின் இடத்தை ஏற்கெனவே மறைத்துத்தான் வைக்கிறது.

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் படகோட்டுகிறவர்களைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கு அது சில மாதத் தொழில், கேட்டதைக் கொடுக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் கிட்ட விடுங்கோ அண்ணை" என்று கேட்பது படகில் கமராவோடு இருப்பவர், கிட்டப் போனால் கூலிக்கு மேல் கொடுப்பவரும் அவர்தான். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லி அதே பணத்தைக் கொடுத்தால், வேண்டாமென்று சொல்லும் படகோட்டி அந்தக் கரையில் இருக்கமாட்டார்.