பல்லை எண்ணாம ரேஷியோ பேசாதீங்க சாமி

ரொம்ப நாளா அடக்கி வெச்சிருந்த கோவம் மக்களே, இன்னிக்குக் கொட்டிடறேன். பழைய கார் பைத்தியம் இல்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒண்ணு வாங்கினவுடனே நம்ம நண்பர்களுக்கு எல்லாம் தெரிஞ்சுடுது. "பின் ஆக்ஸில் 4.11 சார், ஹைவேல பறக்கும்." எப்படிங்க தெரியும்? "இங்கிலாந்து டேபிள்ல போட்டிருக்கு." முடிஞ்சுது கதை.

இங்கதான் எனக்குப் பத்திக்குது. அந்த டேபிள் பொய் சொல்லல. அங்க 1961ல ஹெரால்டு 1200 வந்தப்போ எஞ்சின் 1147 சிசி ஆச்சு, கூடவே ரேஷியோவும் 4.11க்கு இறங்கிச்சு. அதுக்கு முன்னாடி ஓடின 948 சிசி சலூனுக்கு 4.875. ஆனா நம்ம ஊர் கதை வேற. அதே 1961ல ஸ்டாண்டர்டு கம்பெனிக்காரங்க இங்க ஹெரால்டை ஆரம்பிச்சாங்க, 948 சிசியைக் கடைசி வரைக்கும் விடல. நாலு கதவு வெச்சாங்க, எஞ்சின் அதேதான். 1970களின் தொடக்கத்துல கஸல்னு பேர் மாத்தி, பின்பக்கத்து ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிட்டு முழு ஆக்ஸிலே போட்டாங்க, அப்பவும் அதே 948. அங்கத்து வருஷத்தை வெச்சு இங்கத்து வண்டிக்கு ஜாதகம் கணிச்சா எப்படிங்க விளங்கும்?

இன்னொரு கோஷ்டி இருக்கு. பழைய இரும்புக் கடையில டிஃப்ரன்ஷியல் மேல பெயிண்ட்ல கிறுக்கி வெச்ச நம்பரை வேதமா நம்பறவங்க. புளியந்தோப்புல என் நண்பர் ஒருத்தர் அப்படித்தான் "4.11"னு எழுதின பெட்டியை வாங்கிட்டு வந்தார். (கடை பேர் வேணாம், நமக்கெதுக்கு வம்பு.) மாட்டி, நானே உருட்டிப் பார்த்தேன். சக்கரம் இருபது சுத்துக்கு ஷாஃப்ட் நாப்பத்தெட்டே முக்கால். கடைக்காரர்கிட்ட சொன்னா "நீங்க தப்பா சுத்தியிருப்பீங்க சார்"னு ஒரே வரியில முடிச்சுட்டார். எங்க ஏரியா மெக்கானிக் பாய் பெட்டியைப் பிரிச்சு எண்ணினார். பினியன்ல எட்டு, கிரவுன்ல முப்பத்தொன்பது. "இன்னா சார், பல்லு எண்ணாம ரேஷியோ சொல்றாங்களா? கிளி ஜோசியமா?"ன்னார். அவர் படிச்சது ஆறாங்கிளாஸ். டேபிள் படிச்சவங்க கொஞ்சம் யோசிக்கலாம்.

கணக்கு இவ்ளோதான். 39ஐ எட்டால வகுத்தா 4.875. 37ஐ ஒன்பதால வகுத்தா 4.11. 35, ஒன்பது, 3.89. இந்த நம்பரெல்லாம் ஏன் இப்படிக் கோணலா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? எட்டுக்கும் முப்பத்தொன்பதுக்கும் பொது வகுத்தி கிடையாது. அதனால பினியனோட ஒவ்வொரு பல்லும் கிரவுனோட எல்லாப் பல்லையும் மாறி மாறிச் சந்திக்குது, தேய்மானம் ஒரே இடத்துல விழாது. யாராச்சும் உங்ககிட்ட ரவுண்டா "நாலு ரேஷியோ"ன்னு சொன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க. கிரவுனும் பினியனும் ஜோடியா உரசிப் பழக்கின உருப்படி. ஒண்ணை இங்கயும் இன்னொண்ணை அங்கயும் பொறுக்கிப் போட்டா, மாட்டின அன்னிக்கே ஊளையிட ஆரம்பிச்சுடும்.

பிரிக்காம பார்க்கணுமா? பாருங்க, ஆனா ஒழுங்கா பாருங்க. முன் சக்கரத்துக்குக் கட்டை குடுங்க, நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுங்க. ஒரு பின் சக்கரம் தரையில இருக்கட்டும், மத்ததை மட்டும் ஜாக்கியில தூக்குங்க. ரெண்டையும் தூக்கிட்டு ஒண்ணைச் சுத்தினா, மத்தது எதிர்ப்பக்கம் சுத்தும், ஷாஃப்ட் சும்மா நின்னு வேடிக்கை பார்க்கும். ஒரு பக்கம் தூக்கினா, சக்கரம் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கிரவுன் ஒரு சுத்து. இதை மறந்துட்டு "ரெண்டே கால் ரேஷியோ"ன்னு எழுதின புண்ணியவான்களும் உண்டு. ஷாஃப்ட் ஃபிளாஞ்சுல சாக்பீஸ்ல கோடு போட்டு, சக்கரத்தை இருபது சுத்து சுத்துங்க. நாப்பத்தெட்டே முக்கால் வந்தா 4.875, நாப்பத்தொண்ணும் கொசுறும் வந்தா 4.11. ஒரே ஒரு சுத்துல பார்த்தா வித்தியாசம் அரை சுத்து கூட வராது. அங்கதான் ஆளாளுக்கு மனசுக்குப் பிடிச்ச நம்பரைப் பார்க்கறாங்க.

"என்னவா இருந்தா என்ன, ஓடுதுல்ல"ன்னு ஒரு அண்ணாத்தே கேட்டார். ஓடும் அண்ணே. 4.875க்குன்னு கணக்குப் பண்ணின ஸ்பீடோமீட்டரை வெச்சுக்கிட்டு 4.11 போட்டு ஓட்டினா, நெஜமா 60ல போறப்போ முள்ளு 50லதான் நிக்கும். 60 வருஷத்து டிரம் பிரேக்கை நம்பி வீட்டுக்காரம்மாவையும் புள்ளைங்களையும் ஏத்திட்டுப் போற வண்டி அது! அப்புறம் அந்தப் "பறக்கும்" விஷயம். 948 சிசி, முப்பத்தஞ்சு குதிரை கூட தேறாது. ரேஷியோ இறங்கினா சக்கரத்துக்குப் போற இழுவை ஆறுல ஒரு பங்கு போச்சு. பேசின் பிரிட்ஜ் ஏத்தத்துல, முன்னாடி ஒரு லாரி, வண்டியில நாலு பேர்னு நின்னு கிளம்பிப் பாருங்க. கிளட்ச் வாசனை மூலக்கொத்தளம் வரைக்கும் வரும்.

இதுல 2021ல வந்த விண்டேஜ் பதிவு விதி வேற. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு VA நம்பர் தனியா தர்றாங்க, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாதுங்கறாங்க. பின் ஆக்ஸில்னு தனியா ஒரு வார்த்தை இல்ல. அதனால எந்தப் பெட்டியை வேணா மாட்டிட்டு "ஒரிஜினல்"னு மார் தட்டறாங்க. சட்டம் கேக்கலன்னா? வாங்கறவன் கேப்பான்ல. அவனுக்கு என்ன பதில்? பெயிண்ட்ல எழுதியிருந்துச்சுன்னா?

இந்த ஊர்லயே செஞ்ச கார் சாமி இது. இதுக்கான நம்பர் லண்டன்காரன் டேபிள்ல இல்ல, அந்தப் பெட்டிக்குள்ளயே இருக்கு. எண்ணினவங்க பல்லோட எண்ணிக்கையை எழுதுங்க. எட்டு/முப்பத்தொன்பது, ஒன்பது/முப்பத்தேழுன்னு. எண்ணாதவங்க "கேள்விப்பட்டேன்"னு போட்டுட்டுப் போங்க, ஒண்ணும் குறைஞ்சுட மாட்டீங்க.

டிஸ்கி: கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணியில இறங்கின வண்டியா இருந்தா, ரேஷியோ பார்க்கறதுக்கு முன்னாடி டிஃப்ரன்ஷியல் ஆயில் பிளக்கைத் திறந்து பாருங்க. சூடா இருந்த பெட்டி தண்ணியில முங்கினா உள்ள உறிஞ்சிக்கும். ஆயில் பால் விட்ட டீ மாதிரி வந்துச்சுன்னா, எண்ணறதுக்குப் பல்லு மிச்சம் இருக்கான்னு முதல்ல பார்த்துக்குங்க.