பதினான்கு மாத்திரைகளுக்குப் பிறகு

இருதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் உறைகட்டியால் அடைபட்ட சிறிது நேரத்திலேயே அத்தசையின் உட்புறம் மடியத் தொடங்குகிறது என்பதும், அந்த நாசம் மணிக்கு மணி வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது என்பதும், ரைமரும் ஜென்னிங்ஸும் 1970-களில் நாய்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சிகளில் நிரூபணமாகிவிட்டன. ஆகையால் மருந்தின் வல்லமையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அது எந்த நேரத்தில் நோயாளியின் ரத்தத்தில் கலந்தது என்பதை விட்டுவிட்டுப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

செஞ்சி வட்டாரத்துக்கு இந்த விஷயம் மிக நெருக்கமானது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திருவண்ணாமலையில் உள்ளதும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. புதுச்சேரி ஜிப்மரோ இன்னும் தொலைவு. மல்லாட்டைக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மார்பு இறுகி, வியர்த்துக் கொட்டி, இடது தோள் வரை வலி பரவிய ஒருவர், ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துச் சாய்ந்திருக்கும் ஒரு மணி நேரம், எந்த நிபுணராலும் திருப்பித் தர முடியாத ஒரு மணி நேரம். செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, வெயிலில் ராஜகிரி ஏற வரும் முதியவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இந்தக் கால விளம்பத்தைக் குறைக்க எடுத்த உன்னதமான முயற்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. துணை சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவற்றில் மிக மலிவான ஆஸ்பிரினின் மகிமையை, 17,187 நோயாளிகளைக் கொண்டு நடந்து 1988-இல் வெளியான ‘ஐசிஸ்-2’ ஆய்வு உலகுக்குக் காட்டிற்று: போலி மருந்து பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இருதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தோர் 13.2 சதவீதமாக இருக்க, ஆஸ்பிரினும் கட்டி கரைக்கும் ஊசிமருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 8 சதவீதமாக இறங்கியது.

‘சேர்த்து’ என்பதையே நான் வற்புறுத்த விரும்புகிறேன். மாத்திரைகள் கட்டி மேலும் வளராமல் தடுக்கும். ஏற்கெனவே குழாயை அடைத்து நிற்கும் கட்டியைக் கரைக்க ஊசிமருந்தே வேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் அலகுகளை ஏறக்குறைய ஒரு மணி நேரம் செலுத்த வேண்டும்; டெனெக்டெபிளேஸையோ உடல் எடைக்கேற்ற அளவில் ஒரே தடவையில் செலுத்திவிடலாம். மூளையில் ரத்தக்கசிவு கண்டவர்களுக்கும் அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அது ஆபத்தாதலால், ஈசிஜியும் அதைப் படித்துத் தீர்மானிக்கும் மருத்துவரும் இன்றியமையாதவர்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை, சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து, கட்டி கரைக்கும் மருந்தை முதலில் கொடுத்து, ஆஞ்சியோகிராமுக்குப் பின்னர் அனுப்பும் முறையை 2,420 நோயாளிகளிடையே ஆராய்ந்தபோது, ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

ரத்தம் மீண்டும் பாயும்போது தசைக்கு நேரும் சேதத்தைத் தடுக்குமென்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட சைக்ளோஸ்போரின் 2015-இல் வெளியான பெரும் ஆய்வில் பலனளிக்கவில்லை. புதிய மருந்து வரும்வரை காத்திருக்க நியாயமில்லை. கையிலுள்ள பழைய மருந்தை விரைந்து கொடுப்பதே இன்றைய கடமை.

ஆகவே வட்ட மருத்துவமனைக்கு வரும் மாரடைப்பு நோயாளியை, ஊசிக்குத் தடையேதும் இல்லாதபோது, கடிதம் எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றுவதோடு நிறுத்தாமல், ஈசிஜியைக் கைபேசி வழியே இருதய நிபுணருக்குக் காட்டி, அங்கேயே ஊசி போட்டு, அதன் பிறகே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது விதியாக வேண்டும். நோயாளி வாசலில் வந்த நேரமும் ஊசி ஏறிய நேரமும் பதிவேட்டில் அடுத்தடுத்து எழுதப்பட வேண்டும். இடைவெளி 30 நிமிஷத்தைத் தாண்டிய ஒவ்வொரு நோயாளி விஷயத்திலும் காரணம் என்னவென்று மாவட்ட சுகாதார அதிகாரிகள் மாதந்தோறும் கேட்டறிய வேண்டும்.