பகைமையின் வித்து

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் ஓரணியில் நின்று வெற்றி கண்ட அமெரிக்காவும் ருஷ்யாவும், இரண்டே ஆண்டுகளுக்குள் ஒன்றையொன்று ஜன்ம விரோதியாகப் பாவிக்கலாயின. முதலாளித்துவமும் பொதுவுடைமையும் கீரியும் பாம்பும் போன்றவை, அவற்றினிடையே வேறென்ன நடக்கும் என்று கூறுவோர் பலர். இவ்வியாக்கியானம் நமக்குத் திருப்தியளிக்கவில்லை. 1941 முதல் 1945 வரை இவ்விரு கொள்கையினரும் சேர்ந்தே ஹிட்லரை எதிர்த்தனர். கொள்கை வேற்றுமை அன்றும் இருந்தது. எனவே பகை மூண்டதன் காரணத்தை வேறிடத்திலும் தேட வேண்டும். பிறர் தேசங்களைப் பங்கிட்டுக்கொள்ள முற்பட்டதில்தான் அதன் வித்து கிடக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

போலந்தின் கதையே இதற்குச் சான்று. 1939 செப்டம்பர் 1-ல் ஜெர்மனி அதன்மேல் பாய்ந்தது. அதனைக் காப்பதாக வாக்களித்திருந்த பிரிட்டனும் பிரான்சும் 3-ந் தேதி யுத்தப் பிரகடனம் செய்தன. 17-ந் தேதி, ஹிட்லருடன் செய்திருந்த ரகசிய உடன்பாட்டின்படி, ருஷ்யப் படைகள் கிழக்கேயிருந்து புகுந்தன. பின்னர் 1945 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் யால்டாவில் கூடினர். போலந்தின் கிழக்கெல்லை அங்கே வகுக்கப்பட்டது. ருஷ்யாவின் ஆதரவில் அமைந்த சர்க்காரையே அஸ்திவாரமாகக் கொண்டு புதிய சர்க்கார் அமைய வேண்டுமென்றும் தீர்மானமாயிற்று. போலந்தின் பிரதிநிதி ஒருவரேனும் அச்சபையில் இல்லை! சுதந்திரமான தேர்தல் நடைபெறுமென்ற வாக்குறுதி மட்டுமே அந்த ஜனங்களுக்குக் கிடைத்தது. 1947 ஜனவரியில் நடந்த தேர்தலோ பலாத்காரமும் மோசடியும் மலிந்ததாயிருந்தது.

ருஷ்யாவின் அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. அந்த யுத்தத்தில் ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் சோவியத் ஜனங்கள் மாண்டனர். முப்பது ஆண்டுகளுக்குள் இருமுறை ஜெர்மன் சேனை மேற்கிலிருந்து வந்தது. ஆயினும், தன் அச்சம் தீர அயலான் சுதந்திரத்தைப் பறிக்க எவருக்கு உரிமையுண்டு?

மேல்நாட்டினர் கரங்களாவது சுத்தமா? 1944 அக்டோபரில் மாஸ்கோவில் சர்ச்சில் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கெழுதி ஸ்டாலினிடம் நீட்டினார். ருமேனியாவில் ருஷ்யாவுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செல்வாக்கு; கிரீஸில் பிரிட்டனுக்குத் தொண்ணூறு. ஸ்டாலின் பென்சிலால் குறியிட்டு ஒப்பினார். இதைச் சர்ச்சிலே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவ்வருஷ டிசம்பரில், ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய கிரேக்க இடதுசாரிப் படையினரை ஏதென்ஸ் வீதிகளில் பிரிட்டிஷ் துருப்புகள் தாக்கின. ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. பிரிட்டன் அந்தச் சுமையைத் தாங்கமாட்டாமல் இறக்கியதும், 1947 மார்ச் 12-ல் ட்ரூமன், கிரீஸுக்கும் துருக்கிக்குமாக 40 கோடி டாலர் கோரினார். 1948-ன் பெர்லின் முற்றுகையும், 1949 ஏப்ரலின் வட அட்லாண்டிக் ஒப்பந்தமும், அவ்வருஷ ஆகஸ்டில் ருஷ்யா வெடித்த அணுகுண்டும் இந்த வித்திலிருந்து கிளைத்தவையே.

1946 செப்டம்பர் 7-ல் பண்டித நேரு, வல்லரசுக் கூட்டங்களின் போட்டியில் இந்தியா சேராதென வானொலியில் அறிவித்தார். அக்கொள்கையின் நியாயத்தைப் போலந்தும் கிரீஸும் நமக்கு விளக்குகின்றன. போலந்து ஜனங்கள் தங்கள் விருப்பத்தைத் தேர்தலில் ஓரளவேனும் தெரிவிக்க 1989 ஜூன் வரையில் காத்திருக்க நேர்ந்தது. 1991-ல் சோவியத் யூனியனே கலைந்தது. ஆனால் வலியோர் கூடி எளியோர் எல்லையை வரையும் வழக்கம் அத்துடன் கலைந்துவிடவில்லை. ஆகவே, எந்த வல்லரசு எந்த லட்சியத்தின் பெயரால் சமாதானம் பேச வந்தாலும், அதன் கொடியின் நிறத்தைப் பாராமல், "சம்பந்தப்பட்ட ஜனங்களுக்கு அச்சபையில் ஆசனம் உண்டா?" என்று தேசபக்தர்கள் முதலில் கேட்பார்களாக.