நிறம் மாறினால் நம்பலாமா?

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஒரு சிட்டிகை உப்பைப் பொட்டலமாக மடித்துக் கையில் கொடுத்து, உள்ளே என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். டெஸ்ட் டியூபில் பழுப்பு வளையம் வந்தால் நைட்ரேட். சில்வர் நைட்ரேட் விட்டதும் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு. விடையை எழுதி, மார்க் வாங்கி, வெளியே வந்துவிட்டோம். ஆனால் அந்தப் பரீட்சையில் நமக்கு ஒரு பெரிய சலுகை இருந்தது. பொட்டலத்தில் ஒரே ஒரு உப்புதான் இருக்கும் என்று முன்னாடியே தெரியும். நம்மை ஏமாற்ற அதில் இன்னொன்றை யாரும் கலந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சலுகை இல்லாத இடத்தில் அதே சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

வெளிநாடுகளில் ரீஏஜென்ட் கிட் என்று ஒன்று விற்கிறார்கள். சின்னச் சின்ன சொட்டு பாட்டில்கள், கூடவே ஒரு நிற அட்டவணை. வாங்கிய மாத்திரையில் துளி சுரண்டி, ஒரு சொட்டு விட்டு, நிறம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மார்க்விஸ் ரீஏஜென்ட் விட்டால் எம்.டி.எம்.ஏ. ஊதாவாகிக் கறுக்கும், ஆம்ஃபெட்டமைன் ஆரஞ்சிலிருந்து பழுப்பாகும். எர்லிக் ரீஏஜென்டுக்கு எல்.எஸ்.டி. ஊதாவாகும். அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய டான்ஸ்சேஃப் என்ற அமைப்பு இந்த வழியைப் பரப்பியது. அவர்கள் வாதம் எளிமையானது: 'எடுக்காதே என்று சொல்லியும் எடுப்பவன் எடுக்கத்தான் போகிறான். குறைந்தபட்சம் எதை எடுக்கிறான் என்றாவது அவனுக்குத் தெரியட்டும், சாகாமல் இருக்கட்டும்.' இதற்குத் தீங்கு குறைப்பு என்று பெயர்.

அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 'கிட் இருந்தா சேஃப் மச்சி' என்று யாராவது சொன்னால், அங்கேதான் நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது.

மஞ்சள் வீழ்படிவு சொல்லாமல் விடுவது

நமக்கெல்லாம் தெரிந்த அயோடோஃபார்ம் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனால் இருந்தால் மஞ்சள் வீழ்படிவு வரும். மெத்தனாலுக்கு வராது. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை எழுதுக என்று கேட்டால் இதைத்தான் எழுதினோம். சரி, இப்போது ஒரே டியூபில் இரண்டையும் கலந்து வைத்துச் சோதித்தால்? மஞ்சள் வரும். எத்தனால் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மெத்தனாலைப் பற்றி அந்த மஞ்சள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

ரீஏஜென்ட் கிட்டின் மொத்தப் பிரச்சனையும் இந்த ஒரு டியூபில் இருக்கிறது. 'நான் தேடுவது இருக்கிறதா?' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். 'வேறு என்ன இருக்கிறது?', 'எவ்வளவு இருக்கிறது?' என்ற கேள்விகளுக்குச் சொல்லாது. உயிர் போவது பெரும்பாலும் பின்னால் வரும் இரண்டு கேள்விகளில்தான். பி.எம்.எம்.ஏ. என்ற ஆபத்தான பொருளுக்கு மார்க்விஸ் நிறமே காட்டாது. அது எம்.டி.எம்.ஏ.வோடு கலந்திருந்தால் எம்.டி.எம்.ஏ.வின் கறுப்பு முன்னால் வந்து நிற்கும். பார்க்கிறவர் 'ஓகே' என்று நினைப்பார்.

தப்பு மறுபக்கமும் நடக்கும். 2015 டிசம்பரில் அமெரிக்காவின் ஒர்லாண்டோவில், ஒருவர் காரில் சிந்திக் கிடந்த டோனட்டின் சர்க்கரைப் பூச்சைப் போலீஸ் கிட் போதைப்பொருள் என்று காட்டியது. ஆளைக் கைது செய்தார்கள். 2016 கடைசி நாளன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண்ணின் காரிலிருந்த பஞ்சு மிட்டாய்க்கும் அதே கதி. ஆய்வக அறிக்கை வந்து வெளியே வர அவருக்கு மூன்று மாதம் ஆனது. பயிற்சி எடுத்த போலீஸ் கையிலேயே இப்படி என்றால், ஹாஸ்டல் ரூமில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஊதாவா, அடர் பழுப்பா என்று பார்க்கிற நம்ம கண்ணை எவ்வளவு நம்புவது?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த பாட்டில்கள் பலவற்றில் இருப்பது அடர் கந்தக அமிலம். லேபில் கோட்டும் கண்ணாடியும் போட்டுத் தொட்டதை மேஜை விரிப்பின் மேல் வைத்து விளையாடக் கூடாது. 'நாமே கலந்துக்கலாம்' என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நம்ம ஊர்க் கதை வேறு

இந்த கிட்டுகள் லண்டன், ஆம்ஸ்டர்டாம் பார்ட்டிகளுக்காக வந்தவை. வத்தலக்குண்டைச் சுற்றி நம் காதில் விழுவது என்ன? கஞ்சா, வலி மாத்திரை, மலைமேல் காளான், எங்காவது ஒரு கிராமத்தில் பாக்கெட் சாராயம். இந்தப் பட்டியலை கிட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வலி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். டேபென்டடால் மாதிரி, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களிலிருந்து இந்தச் செய்தி வந்துவிட்டது. இங்கே சோதிக்க என்ன இருக்கிறது? அட்டையில் எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறது. கிட் 'சரி' என்றுதான் சொல்லும். ஆனால் வாயால் விழுங்கச் செய்த மாத்திரையில் இருக்கும் மாவும் பசையும் ரத்தக்குழாயை அடைக்கும். அளவு மீறினால் மூச்சு மெதுவாகி நின்றுபோகும். ஒரே ஊசி கைமாறினால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் கூடவே மாறும்.

கொடைக்கானல் காளானுக்கும் இதே கதைதான். பொட்டலத்தில் பத்து காளான் இருந்தால் பத்தும் ஒரே இனம் என்று யார் சொன்னது? ஒன்றைச் சுரண்டிச் சோதித்து மீதி ஒன்பதைத் தின்ன முடியாது. ஈரலைத் தின்னும் நச்சுக் காளான்கள் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும்.

அடுத்தது சாராயம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரே வருஷத்தில், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டிலும் குற்றவாளி மெத்தனால். அது பார்க்க, முகர, குடிக்க எத்தனால் மாதிரியே இருக்கும். ஈரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அந்த அமிலம் கண் நரம்பைக் கெடுக்கும், ரத்தத்தைப் புளிக்க வைக்கும். குடித்த உடனே எதுவும் தெரியாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, பனி மூடினது மாதிரி மங்கல் பார்வை.

மெத்தனாலுக்கும் ஒரு நிறச் சோதனை உண்டு. அதை ஃபார்மால்டிஹைடாக ஆக்ஸிஜனேற்றம் செய்து, குரோமோட்ரோபிக் அமிலம் சேர்த்தால் ஊதா வரும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல கேஸ் குரோமடோகிராஃபி உண்டு. இரண்டும் பழைய அறிவியல்தான். அந்த அறிவியல் ஆய்வகத்தில் இருந்தது, கருணாபுரத்தில் இல்லை. அதைவிடக் கொடுமை, முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமில்லை என்றுதான் மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. பிறகு கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார். ஆனால் மெத்தனால் விஷயத்தில் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கண், ஒரு உயிர். 'இதில் விஷம் இருக்கிறது, குடித்தவர்கள் இப்போதே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்' என்ற ஒரு அறிவிப்புக்கு அன்று இருந்த மதிப்பு எந்த மருந்துக்கும் இல்லை.

ஆய்வகம் வேண்டும், அறிவிப்பு வேண்டும்

நெதர்லாந்தில் 1992-லிருந்து அரசு ஆதரவோடு ஒரு திட்டம் நடக்கிறது. மக்கள் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கலாம், கேள்வி கேட்காமல் ஆய்வகத்தில் சோதிப்பார்கள். 2014 டிசம்பரில் சூப்பர்மேன் சின்னம் பொறித்த ஒரு மாத்திரையில், நாம் மேலே பார்த்த பி.எம்.எம்.ஏ. அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்து டி.வி.யிலேயே எச்சரித்தார்கள். அப்படி ஒரு ஏற்பாடு இல்லாத இங்கிலாந்தில், அந்தப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு கடல்தான். நியூசிலாந்து 2021-ல் இதற்கென்றே சட்டம் போட்டது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022-ல் இதற்கென்று ஒரு நிலையமே திறந்தார்கள்.

'இதெல்லாம் போதைக்கு அரசே அங்கீகாரம் கொடுக்கிற மாதிரி ஆகாதா?' நியாயமான கேள்வி. 2016-ல் இங்கிலாந்தில் ஒரு இசை விழாவில் 'தி லூப்' என்ற அமைப்பு சோதனைக் கூடாரம் போட்டது. வந்த பொருட்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, விற்றவன் சொன்ன பொருளே அல்ல. முடிவைக் கேட்டவர்களில் ஐந்தில் ஒருவர் பொருளை அங்கேயே அழிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த உறுதிமொழிக் கூட்டத்திலாவது ஐந்தில் ஒருவர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அங்கே வேலை செய்தது மெஷின் மட்டும் இல்லை. முடிவைச் சொல்லும்போது ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து, திட்டாமல் பத்து நிமிஷம் பேசினார். வீட்டு கிட்டில் இல்லாதது அந்த ஆள்தான்.

நம் அரசுக்கு இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. பாலில் தண்ணீரா, மஞ்சள் தூளில் சாயமா என்று வீட்டிலேயே பார்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் கையேடே போட்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைச் சோதித்து, ரோடமின் பி சாயம் இருப்பதைக் கண்டு, தமிழ்நாடு முழுக்கத் தடை போட்டு எல்லோருக்கும் சொன்னார்கள். எச்.ஐ.வி. பரவக் கூடாது என்று ஊசி போடுபவர்களுக்குப் புது ஊசி கொடுக்கும் திட்டத்தை இதே நாட்டின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்துகிறது. 'தப்பு செய்கிறாய், ஆனாலும் நீ சாக வேண்டாம்' என்று சொல்ல அரசுக்குத் தெரியும். அதே மனசு இங்கேயும் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இன்றைய சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதும் தெரிந்ததுதான். 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வைத்திருப்பதே குற்றம், உட்கொள்வதும் குற்றம். சோதிப்பதற்காக வைத்திருந்தேன் என்றால் யாரும் விட மாட்டார்கள். ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு பெற ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போலீஸ் பிடிக்கும் சரக்கெல்லாம் ஏற்கனவே தடயவியல் ஆய்வகத்துக்குத்தான் போகிறது. அந்த முடிவுகளில் உயிருக்கு ஆபத்தானவற்றை மட்டும் வழக்கு முடியும்வரை பூட்டி வைக்காமல் ஆஸ்பத்திரிகளுக்கும் மக்களுக்கும் உடனே அறிவித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

அதுவரை நாம்?

எடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. இதை ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் கேட்காதவனும் நம்ம நண்பன்தான்.

எழுப்பினாலும் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்து, உதடு நீலமாகியிருந்தால் அது தூக்கம் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். குடித்த மறுநாள் கண் மங்கினால் 'ஹேங்ஓவர்' என்று படுக்காதீர்கள். வத்தலக்குண்டு அரசு மருத்துவமனையோ, திண்டுக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, உடனே கிளம்புங்கள். மெத்தனாலுக்கு மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போக வேண்டும். டாக்டரிடம் என்ன எடுத்தான் என்று மறைக்காதீர்கள். மீதி இருந்தால் அட்டையையோ பாக்கெட்டையோ எடுத்துப் போங்கள், அதைவிட நல்ல டெஸ்ட் ரிப்போர்ட் அந்த நேரத்தில் கிடையாது. விட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

கடைசியாக, நம்ம கல்லூரிகளிடம் ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் உறுதிமொழி எடுக்கிறோம், கை நீட்டுகிறோம், போட்டோ எடுக்கிறோம். அதோடு ஒரே ஒரு விதியைச் சேருங்கள்: நண்பனுக்காக வார்டனைக் கூப்பிட்டவனுக்கும், காப்பாற்றப்பட்டவனுக்கும் அந்த அழைப்பின் பேரில் சஸ்பென்ஷன் கிடையாது. ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கிவிடுபவரை அலைக்கழிக்கக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஹாஸ்டல் ரூமில் விழுந்தவனைத் தூக்குகிறவனுக்கு அந்த மரியாதை ஏன் கிடையாது?

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் நீலமாகிக் கிடக்கும்போது, கூட இருப்பவன் மனசில் ஓடுவது 'டி.சி. கொடுத்துடுவாங்களோ' என்பதுதான். அந்தப் பயத்தில் போகிற பத்து நிமிஷத்தை எந்த கிட்டாலும் திருப்பித் தர முடியாது. ஒரு சர்க்குலர் போட்டால் முடியும். உங்கள் கல்லூரியில் போதை ஒழிப்பு மன்றம் இருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள்.