அழுகைப் பாட்டெண்டால் அவ்வளவு இளப்பமா?

போன மாதம் ஹொஸ்டல் அறையில ஒரு சண்டை. நான் ஜோர்ஜ் மைக்கலின் 'ஜீசஸ் டு எ சைல்ட்' போட்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரன் எழும்பி இருந்து, "மச்சான், இந்தாள் முழுக்கக் கண்ணீர் வியாபாரம். இதில அரசியல் எங்க கிடக்கு?" எண்டான். அவன் ஆள் கெட்டிக்காரன், நிறைய வாசிக்கிறவன். அதாலதான் கோபம் கூட வந்தது.

எங்கட கலைப்பீடத்தில இது ஒரு பழக்கமாகவே வந்துவிட்டது. கோஷம் போட்டால் அரசியல் பாட்டு, அழுதால் வெறும் பொப் பாட்டு. 1984இல் வந்த 'கெயார்லெஸ் விஸ்பர்' இண்டைக்கு ரீல்ஸ் பகிடிக்கான சாக்ஸபோன் துண்டு. அதே வருசத்து 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' டிசெம்பரில கடைகளில ஓடுகிற பின்னணிச் சத்தம். இந்த இரண்டையும் வைத்து ஒரு மனிசனின் முப்பது வருசப் பாட்டுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சரி, அந்த 'வெறும் அழுகை' எங்கேயிருந்து வந்தது எண்டு பார்ப்போம். ஜோர்ஜ் மைக்கல் லண்டனில வளர்ந்த கிரேக்க-சைப்பிரஸ் குடும்பத்துப் பெடியன். 1991இல் பிரேசிலில அன்செல்மோ பெலெப்பாவைச் சந்திக்கிறார், காதலிக்கிறார். கொஞ்சக் காலத்திலேயே அன்செல்மோவுக்கு எச்.ஐ.வி. எண்டு தெரியவருகிறது. 1992 ஏப்ரலில் வெம்பிளி மைதானத்தில, எயிட்ஸால் இறந்த பிரெடி மேர்க்கியூரிக்கான அஞ்சலி நிகழ்ச்சியில ஜோர்ஜ் பாடியதை எல்லாரும் புகழ்கிறார்கள். தன்ர காதலனுக்கும் அதே நோய் எண்டு தெரிந்துகொண்டுதான் அண்டைக்கு அவர் மேடையில நிண்டார். 1993 மார்ச்சில் அன்செல்மோ இறந்துபோனார்.

அந்தக் காலத்து பிரிட்டனில என்ன நிலைமை? பாடசாலைகளும் உள்ளூராட்சி மன்றங்களும் ஓரினக் காதலை 'ஊக்குவிக்க'க் கூடாது எண்ட 28ஆம் பிரிவு 1988இலிருந்து சட்டமாக இருந்தது. பத்திரிகைகள் எயிட்ஸ் நோயாளிகளைக் குற்றவாளிகளைப்போல எழுதின. அப்படியொரு இடத்தில அந்த மனிசன் யாரிட்டப் போய் "என்ர ஆள் செத்துப்போச்சு" எண்டு சொல்லுறது?

பாட்டிட்டத்தான் போனார். கிட்டத்தட்ட ஏழு நிமிசம், மெல்லிய கிற்றார், உரக்கக் கத்தாத ஒரு குரல். 1994இல் பெர்லினில முதல்தரம் பாடினார். 1996 ஜனவரியில் தனிப்பாட்டாக வந்து பிரிட்டனில முதலிடம் பிடித்தது. அந்த வருசம் வந்த 'ஓல்டர்' தொகுப்பின் சமர்ப்பணத்தில அன்செல்மோவின் பெயரும் இருந்தது. எதுக்காக அழுகிறோம் எண்டு தெரியாமலே ஒரு நாடு அவரோட சேர்ந்து அழுதது. இதைவிடப் பெரிய அரசியல் என்ன வேணும்?

"அப்ப ஏன் வெளிப்படையாச் சொல்லேல்ல?" எண்டு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். 1998இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு பொதுக் கழிப்பறையில பொலிஸ் பிடித்த பிறகுதான் அவர் பகிரங்கமாகச் சொன்னார். ஆனால் அதுக்குப் பிறகு தலை குனியவில்லை. அதே வருசம் 'அவுட்சைட்' பாட்டில பொலிஸையே பகிடி பண்ணினார். அந்தச் சிரிப்பைத் துணிச்சல் எண்டு எல்லாரும் ஒத்துக்கொள்ளுகிறோம். அதுக்கு முந்தின அழுகையை மட்டும் ஏன் பலவீனம் எண்டுறோம்? அழ விடாத இடத்தில அழுகிறதுக்கும் துணிச்சல் வேணும்.

அவரின்ர எல்லாப் பாட்டும் தங்கம் எண்டு நான் சொல்ல வரேல்ல. சிலது சீனிப்பாகு. அதுக்காக ஒரு துக்கப் பாட்டைத் துக்கம் எண்டதாலேயே தள்ளிவிடுறது விமர்சனமில்லை, சோம்பல்.

எனக்கு இது தூரத்து லண்டன் கதை மட்டும் இல்லை. போன வருசம் ஊரில ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். இறந்தவரோட கொழும்பில ஒரே வீட்டில பல வருசம் இருந்த ஒருத்தர் வந்திருந்தார். எல்லாரும் 'சிநேகிதன்' எண்டார்கள். சொந்தக்காரர் எல்லாம் பெட்டியடியில. அவர் கேற்றடியில, ஒரு பிளாஸ்டிக் கதிரைக்குப் பின்னால. அழவேயில்லை. அழுதால் "ஏன் இவ்வளவு?" எண்டு யாராவது கேட்பினம் எல்லோ? வாய்க்கரிசி போடவும் ஒருத்தரும் அவரைக் கூப்பிடவில்லை.

1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகளை நாங்கள் இன்னும் காவிக்கொண்டு திரிகிறோம். 1995இல் திருத்தினபோதும் நீக்கவில்லை, பெண்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். சட்டம் சிறைக்கு அனுப்புறது ஒரு பக்கம். ஒருத்தரைக் கேற்றடியிலேயே நிறுத்திவைக்கிறது இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது வேலைக்குப் பொலிஸ் தேவையில்லை. நாங்களே செய்துவிடுவோம்.

அதனால மச்சான், அடுத்தமுறை "இதில அரசியல் எங்க" எண்டு கேட்க முதல் அந்த ஏழு நிமிசத்தையும் முழுசாகக் கேள். கேற்றடியில நிண்ட அந்த மனிசனுக்கு அண்டைக்கு ஒரு பாட்டுக்கூட இருக்கவில்லை.