கத்தியா? கதிரா?

சென்ற மாதம் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் வசிக்கும் மூத்த நண்பர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். வயது 72. புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை. சத்திரசிகிச்சையும் செய்யலாம், கதிர்வீச்சும் கொடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று வைத்தியர் அனுப்பிவிட்டார்.

யோசித்தவர்கள் பிள்ளைகள். வெட்டி எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார் ரொறன்ரோவிலுள்ள மகன். இந்த வயதில் கத்தி வேண்டாம் என்றார் இலண்டனிலுள்ள மகள். ஒரு கிழமையாகத் தொலைபேசியில் வழக்கு நடந்தது. நோயாளி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளின் அன்பில் குறையில்லை. அவர்கள் எழுப்பிய கேள்வியில்தான் குறை. எது உயிரைக் காக்கும் என்றே இருவரும் வாதிட்டனர். பிரித்தானியாவின் 'புரொடெக்ட்' ஆய்வில், பரவாத நோயுடைய 1643 ஆண்கள் சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டனர். 15 ஆண்டுகளின் பின் கிடைத்த முடிவு 2023இல் வெளியானது. எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியோர் தொகை ஏறத்தாழ இருமடங்கு என்பதையும் சொல்ல வேண்டும். பங்குபற்றியோர் 50 முதல் 69 வயதினர். தீவிரமான வகை நோய்க்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது.

ஆனால் உயிர்க்கணக்கு ஏறத்தாழச் சமமாகும்போது, மிஞ்சிய நாட்களை எப்படி வாழப்போகிறோம் என்பதே கேள்வியாகிறது. சத்திரசிகிச்சையின் பின் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் அதிகம். கதிர்வீச்சின் பின் மலக்குடல் உபாதைகள் வரலாம். சிலருக்கு மாதக்கணக்கில் ஹோர்மோன் ஊசியும் தேவைப்படும். கதிர்வீச்சின் பின் நோய் திரும்பினால் சத்திரசிகிச்சை கடினம். சத்திரசிகிச்சையின் பின் திரும்பினால் கதிர்வீச்சு கொடுக்க இயலும்.

"அண்ணை, உங்களுக்கு எதுக்குப் பயம்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "தம்பி, சாகிறதுக்கு நான் பயப்பிடேல்லை. வேட்டி நனைஞ்சால் மயூரபதி அம்மன் கோயிலுக்குள்ளை எப்பிடிப் போறது?" என்றார். அந்த ஒரு வாக்கியம் ஒரு கிழமைத் தொலைபேசி வழக்கில் எங்குமே எழவில்லை. அவர் கதிர்வீச்சைத் தெரிந்தார்.

கொட்டாஞ்சேனையில் இன்னொருவர், என்னோடு பணியாற்றிய அச்சுக்கோப்பாளர், 66 வயதில் நேர்மாறாக முடிவெடுத்தார். கிழமை நாட்களில் தினமும், நான்கு முதல் எட்டுக் கிழமைகள் வரை, புறக்கோட்டைக்கு வந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் மகரகம அபெக்ஷா வைத்தியசாலைக்குச் சென்றுவர அவரால் முடியாது, கூட்டிச்செல்ல ஆளில்லை. சத்திரசிகிச்சையின் பின் சிறுநீர்க் குழாயோடு இரண்டு கிழமைகள் தங்கைவீட்டில் இருந்தார். சில மாதங்கள் கசிவு இருந்தது, பின்னர் குறைந்தது. இருவர் முடிவும் சரியே. இருவரும் தமது வாழ்க்கையை வைத்துத் தீர்மானித்தார்கள்.

நெல்சன் மண்டேலாவுக்கு 2001இல், 83 வயதில் இந்நோய் கண்டது. கதிர்வீச்சு எடுத்தார், 95 வயதுவரை வாழ்ந்தார். அமெரிக்க வெளிவிவகார அமைச்சராக இருந்த கொலின் பவல் 2003இல், 66 வயதில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 84 வயதுவரை வாழ்ந்தார். இருவருமே நோயை மறைக்கவில்லை.

நாம் மறைக்கிறோம். சிறுநீர், மலம், தாம்பத்தியம் என்ற சொற்கள் நம் வீடுகளில் தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே உச்சரிக்கப்படுவதில்லை. பத்திரிகையில் இச்சொற்களைச் சிவப்பு மையால் வெட்டிப் பழகியவன் நான். இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் நிபுணர் இருவரையுமே தந்தை சந்திக்க வழிசெய்யுங்கள். அதற்கு முன்னர், உங்கள் கருத்தைக் கூறாமல், அவருக்கு எது பயம் என்று கேளுங்கள். பதில் வரச் சற்றுத் தாமதமாகும். அதுவரை தொலைபேசியை வைத்துவிடாதீர்கள்.