முதலில் பெயர், பிறகு படம்



நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என நம் ஊர்கள் பலவும் கடலை ஒட்டி அமைந்தவை. ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசி தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை இக்கடற்கரைகளுக்குத் தொலைதூர விருந்தாளிகள் வந்து தங்குகின்றன. நம் பிள்ளைகளுக்கோ பெரியதெல்லாம் கொக்கு, சிறியதெல்லாம் குருவி.

இன்று ஒவ்வொரு கையிலும் கேமரா இருக்கிறது. விடுமுறை நாளில் கடற்கரைக்குச் செல்லும் இளைஞர்கள், சேற்றுத்திட்டில் இரை தேடும் பறவைக் கூட்டத்தை நோக்கி ஓடுகின்றனர். கூட்டம் மொத்தமாக மேலெழும் காட்சி படமாகிறது; பலரும் பாராட்டுகின்றனர். அந்தப் படத்துக்கு விலை கொடுப்பவை அப்பறவைகளே.

கொசு உள்ளான் என்னும் பறவையின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து நம் கரைக்கு வருகிறது. இங்கே உண்டு சேர்க்கும் கொழுப்பே திரும்பிச் செல்லும் பயணத்துக்கான எரிபொருள். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அந்த எரிபொருள் வீணாகிறது. உண்ணும் நேரமும் பறிபோகிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துக்கொள்ள, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு பணித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு பறவையின் பதற்றத்தையே பொறுக்காத வழிகாட்டுதலைப் பெற்ற நாம், ஒரு படத்துக்காக நூற்றுக்கணக்கான பறவைகளைப் பதறச் செய்வது எவ்வகையில் தகும்?

இதற்குத் தடை விதிப்பதால் மட்டும் பயன் விளையாது. பிள்ளைகளுக்குப் பறவைகளின் பெயரைக் கற்றுக்கொடுப்பதே சரியான மருந்து என்பது என் கருத்து. பெயரறியாத கூட்டத்தை விரட்டத் துணியும் கால், பெயரறிந்த உயிரின் முன்னே தயங்கும்.

கற்பது கடினமன்று. குளிர்காலத்தில் இப்பறவைகளில் பெரும்பாலானவை சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே நிறத்தை விடுத்து அலகையும் காலையும் நடையையும் பார்க்க வேண்டும். குட்டை அலகும் பெரிய கண்ணும் கொண்டு, சிறிது ஓடி, சட்டென நின்று, ஒன்றைக் கொத்தி, மீண்டும் ஓடுவது உப்புக்கொத்தி இனம். ஓயாமல் சேற்றைக் குத்திக்கொண்டே நகர்வது உள்ளான் இனம். ஆரஞ்சு கலந்த சிவப்புக் கால்களுடன், பறக்கையில் சிறகின் பின்விளிம்பில் வெண்மை காட்டுவது பவளக்காலி. பச்சை சாயல் கொண்ட கால்களும் சற்றே மேல்நோக்கிய அலகும் உடையது பச்சைக்காலி. கீழ்நோக்கி நீண்டு வளைந்த அலகுடைய பெரிய பறவை குதிரைமலைக் கோட்டான். அலகின் நீளத்துக்கேற்ப ஒன்று சேற்றின் மேற்பரப்பிலும் மற்றொன்று ஆழத்திலும் இரை தேடுகிறது. ஒரே திட்டில் பல இனங்களுக்கு உணவைப் பங்கிட்டு வைத்த இறைவனின் ஏற்பாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் காட்டும்?

பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) சிறுவனாக இருந்தபோது தாம் சுட்ட ஒரு சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு, அது எந்த இனம் என அறிய விரும்பினார். அந்தக் கேள்வியே அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்றது. 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. அக்கழகம் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்துவரும் கோடியக்கரை, 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

படமெடுப்பதை நான் எதிர்க்கவில்லை. கால் நிறத்தையும் அலகின் வளைவையும் வீட்டில் அமர்ந்து சரிபார்க்கப் படம் பெரிதும் உதவும். அதற்கும் ஒழுங்கு உண்டு. சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு, தாழ அமர்ந்து, அசையாது காத்திருங்கள். அஞ்சாத பறவை இரை தேடியவாறே தானாக அருகில் வரும். அது கொத்துவதை நிறுத்தித் தலை நிமிர்த்தினால் அதுவே எல்லை. ஓரடியும் முன்னே வைக்கலாகாது. இலட்சங்கள் செலவழித்து லென்ஸ் வாங்கவும் வேண்டியதில்லை. முதலில் ஒரு பைனாகுலரும் ஒரு குறிப்பேடும் போதும்.

மதரஸாவும் பள்ளியும் டியூஷனும் இருக்க இதற்கு நேரம் எங்கே எனச் சிலர் கேட்கலாம். விடுமுறை நாளொன்றில் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். வானில் பறக்கும் பறவைகளைக் கவனித்துப் பார்க்குமாறு திருக்குர்ஆனே நம்மை அழைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை வீண்பொழுது என எவ்வாறு கூற இயலும்? இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் உங்கள் பிள்ளை ஐந்து பறவைகளையேனும் பெயர் சொல்லி அடையாளம் காணட்டும். படைப்புகளை நோகடிக்காமல் நோக்கும் கண்களை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக.